களப்பில் பிடிக்கும் உளுவையை இனங்காணுங்கள்

கமக்காரக் குடும்பங்களுக்கு உளுவை புதிய மீன் அல்ல. குளத்திலும் வாய்க்காலிலும் தூண்டில் போட்டவர்கள் அதை நன்கு அறிவார்கள். ஊரை விட்டுக் கடலோரத்தில் குடியிருக்க நேர்ந்தவர்கள் களப்பிலும் அதே மீனைக் காணலாம். ஏனெனில் உளுவை நன்னீரிலும் உவர்நீரிலும் வாழக்கூடியது. ஆனால் உவர்நீரில் அதன் உறவினமான நச்சு மீன் ஒன்றும் வாழ்கிறது. ஆகவே, குளத்தில் தேவைப்படாத ஒரு கவனம் இங்கே தேவை.

முதலில் மீனை மல்லாத்திப் பாருங்கள். உளுவைக் குடும்பத்து மீன்களில் வயிற்றுச் செட்டைகள் இரண்டும் இணைந்து சிறு கிண்ணம் போல இருக்கும். முதுகில் தனித்தனியாக இரண்டு செட்டைகள் உண்டு. விராலுக்கோ முதுகில் நீண்ட ஒரே செட்டைதான்.

நாம் உண்ணும் உளுவையின் தலை தட்டையானது. கீழ்த்தாடை முன்னே நீண்டிருக்கும். உடல் மங்கிய மஞ்சள் கலந்த கபில நிறம். பக்கத்தில் ஐந்தாறு கரும்புள்ளிகள் வரிசையாக இருக்கும். இது அடிமணலில் கிடந்து பூச்சி, கூனி, சிறுமீன் முதலியவற்றை உண்கிறது. தன் இனக் குஞ்சுகளையும் விடுவதில்லை.

நச்சு மீனின் விஞ்ஞானப் பெயர் யோங்கெயிக்திஸ் நெபுலோசஸ். கண்டல் ஓரங்களிலும் சேறு கலந்த மணலிலும் வாழும். ஏறக்குறைய 18 சென்ரிமீற்றர் வரையே வளரும். தலை மழுங்கியது. பக்கத்தில் மூன்று பெரிய கருந்திட்டுகள் உண்டு. கடைசித் திட்டு வாலடியில் இருக்கும். முன் முதுகுச் செட்டையின் ஒரு முள் நூல் போல நீண்டிருக்கும்.

பேத்தை மீனில் உள்ள அதே நஞ்சு இதிலும் இருப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 1973இல் கண்டறிந்தனர். நஞ்சு தோலிலும் தசையிலும் கூட இருப்பதால் குடலை நீக்குவதால் பயனில்லை. சமைத்தாலும் கருவாடாக்கினாலும் அது அழியாது.

உண்டவருக்கு முதலில் உதடும் நாக்கும் விறைக்கும். வாந்தி வரலாம். பின்பு கைகால் சோர்ந்து மூச்சு முட்டும். இதற்கு மாற்று மருந்து இல்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் செயற்கைச் சுவாசம் கொடுத்து உயிரைக் காக்கலாம். எனவே உதடு விறைத்த உடனேயே புறப்படுங்கள். வழியில் மூச்சு நின்றால் வாயோடு வாய் வைத்து ஊதிக்கொண்டே செல்லுங்கள். அசைவற்றுக் கிடப்பவருக்கும் நினைவு இருக்கலாம், கைவிடாதீர்கள்.

சந்தேகமான மீனைச் சட்டியில் போடாதீர்கள். நாயும் கோழியும் தின்னாதபடி ஆழப் புதையுங்கள். களப்புக்குப் போகும் பிள்ளைகளுக்கு மூன்று திட்டையும் நூல் முள்ளையும் சொல்லிக்கொடுங்கள். அவ்விடத்து மீனவரிடம் ஒருமுறை காட்டிக் கேட்பதில் வெட்கம் ஏதுமில்லை.