மருத்துவக் காப்பீடு: அறை வாடகைக்குள் ஒளிந்திருக்கும் கணக்கு

குடும்ப மருத்துவக் காப்பீட்டின் உண்மையான செலவு, ஆண்டுக்கொரு முறை கட்டும் பிரீமியத்தோடு முடிவதில்லை. டிஸ்சார்ஜ் நாளில் பில்லில் குடும்பத்தின் தலையில் விழும் பங்கு, படுத்துக் கிடந்த நாட்களின் கூலி, கம்பத்துக்கும் மதுரைக்கும் அலைந்த செலவு எல்லாம் சேர்ந்ததுதான் அந்தக் கணக்கு. மார்ச் 31-க்குள் கட்டினால் வரிச்சலுகை என்று முகவர்கள் நெருக்கும் இந்தப் பருவத்தில் தேனி மாவட்ட வாசகர்கள் அதிகம் கேட்பது இதைத்தான்: அரசு அட்டை போதுமா, தனியாரிடமும் எடுக்க வேண்டுமா?

அரசு அட்டை தரும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்பம் ஒரு பைசா கட்ட வேண்டியதில்லை. 2009-ல் கலைஞர் பெயரில் தொடங்கி, 2012-ல் இன்றைய பெயர் பெற்று, 2018-ல் ஆயுஷ்மான் பாரத்துடன் இணைந்த திட்டம் இது. ‘ஆண்டுக்கு ₹5 லட்சம் வரை’ என்கிறது அரசு அறிவிப்பு. ஆனால், அந்தத் தொகையை விரும்பிய சிகிச்சைக்குப் பயன்படுத்த முடியாது. பட்டியலில் உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிகிச்சைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை குறித்திருக்கிறார்கள். பட்டியலில் இல்லாத சிகிச்சைக்கு அட்டை செல்லாது. புறநோயாளிச் சீட்டு, மாத மாத்திரை போன்றவை கைக்காசுதான். ஒரு மருத்துவமனைக்கு எலும்பு சிகிச்சையில் அனுமதி இருக்கலாம், இதய சிகிச்சையில் இல்லாமல் போகலாம். எனவே, “இங்கே அட்டை எடுப்பீர்களா?” என்று கேட்பதைவிட, “இந்த ஆபரேஷனுக்கு எடுப்பீர்களா?” என்று கேட்பதே சரி.

திட்டத்தின் பெரிய சிக்கல் வருமான வரம்பில் இருக்கிறது. 2022-ல் ₹72,000-லிருந்து ₹1,20,000 ஆக உயர்த்திய பிறகும் அது மாதம் ₹10,000-தான். கம்பம் பள்ளத்தாக்கின் திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வேலைக்குப் போகும் கணவனும் மனைவியும் ஆளுக்கு நாளொன்றுக்கு ₹400 வாங்கி, மாதம் 15 நாள் வேலை பார்த்தாலே ஆண்டுக்கு ₹1,44,000 ஆகிவிடும். கணக்கைக் கறாராகப் போட்டால் கூலிக் குடும்பமே வெளியே நிற்க வேண்டும். ஒரு குடும்பம் உள்ளே வருவதும் வெளியே போவதும் கிராம நிர்வாக அலுவலர் தரும் வருமானச் சான்றில் தொங்குகிறது.

மில் தொழிலாளிக்கு இஎஸ்ஐ எனும் தொழிலாளர் அரசுக் காப்பீடு உண்டு. மாதச் சம்பளம் ₹21,000 வரை உள்ளவரிடம் 0.75 சதவீதம் பிடிப்பார்கள், முதலாளி 3.25 சதவீதம் கட்டுவார். ₹15,000 சம்பளக்காரருக்கு மாதம் ₹112.50-தான் பிடித்தம். சிகிச்சைச் செலவுக்கு உச்சவரம்பு கிடையாது; சார்ந்திருக்கும் பெற்றோரும் சேரலாம். நோயில் படுத்தால் உரிய சந்தா நாட்கள் இருக்கும் பட்சத்தில் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் வரும். தனியார் மருத்துவ பாலிசிகள் வழக்கமாகக் கூலி இழப்பை ஈடுசெய்வதில்லை. கூலியை நம்பி வாழும் குடும்பத்துக்கு இந்த ஒன்றே பெரிய வித்தியாசம். ஆனால், தோட்டக் கூலிக்கும் ஏலக்காட்டுக்கு ஜீப் ஏறிப் போகிறவருக்கும் இது எட்டுவதில்லை.

மாநில அரசு ஊழியருக்கு, அவர்களுக்கான மருத்துவக் காப்பீட்டுக்காக 2021 ஜூலை முதல் மாதம் ₹300 பிடித்தம், அதாவது ஆண்டுக்கு ₹3,600. திருமணமான ஊழியரின் பெற்றோர் இதில் அடங்க மாட்டார்கள். அவர்களுக்காகவே பலர் தனியார் பாலிசி தேடுகிறார்கள்.

ஒரே தொகையைக் குடும்பம் முழுவதும் பகிர்ந்துகொள்ளும் தனியார் ஃபேமிலி ஃப்ளோட்டரில் வீட்டிலேயே மூத்தவரின் வயதை வைத்துத்தான் பிரீமியம். அறுபதைக் கடந்த அப்பாவை இளம் குடும்பத்தின் பாலிசியில் சேர்த்தால் எல்லோருக்குமான விலையும் ஏறும். அவருக்கு ஒரு பெரிய சிகிச்சை நடந்தால் மற்றவர்களுக்கான தொகையும் கரையும். அவருக்குத் தனி பாலிசியே நல்லது.

இத்தனையையும் விசாரிப்பவர்கள்கூடக் கவனிக்காமல் விடுவது அறை வாடகை வரம்பை. குறைந்த பிரீமிய பாலிசிகள் பலவற்றில், ஒரு நாள் அறை வாடகை காப்பீட்டுத் தொகையில் 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இருக்கும். ₹3 லட்சம் பாலிசியில் அது ₹3,000. நோயாளி ₹5,000 அறையில் ஐந்து நாள் தங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு ₹2,000 வீதம் ₹10,000 கையைவிட்டுப் போகும் என்றுதான் குடும்பம் நினைக்கும். நடப்பது வேறு.

3,000-க்கும் 5,000-க்கும் உள்ள விகிதம் 60 சதவீதம். சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், தியேட்டர், நர்ஸிங் ஆகிய கட்டணங்களையும் இதே 60 சதவீதத்துக்கு நிறுவனம் வெட்டும். மொத்த பில் ₹1,75,000 என்று கொள்வோம். அதில் அறை ₹25,000. டாக்டர், தியேட்டர் வகை ₹90,000. மருந்து, உள்ளே பொருத்தும் கருவி, பரிசோதனை ₹60,000. நிறுவனம் தருவது அறைக்கு ₹15,000, டாக்டர் வகைக்கு ₹54,000, மருந்து வகைக்கு முழுசாக ₹60,000, ஆக ₹1,29,000. குடும்பம் கட்ட வேண்டியது ₹46,000. பாலிசியில் 10 சதவீதம் கோ-பே (ஏற்கப்பட்ட தொகையில் குடும்பம் கட்டும் பங்கு) இருந்தால் இன்னும் ₹12,900. கையுறை, பதிவுக் கட்டணம் போன்ற சில்லறைச் செலவுகள் தனி.

நிறுவனங்கள் இதற்குச் சொல்லும் நியாயம்: பெரிய அறைக்குப் போனால் அதே ஆபரேஷனுக்கு டாக்டர் கட்டணத்தையும் பல மருத்துவமனைகள் கூட்டுகின்றன, அந்தக் கூடுதலை நாங்கள் ஏன் ஏற்க வேண்டும்? வாதத்தில் பாதி உண்மை. அதனால்தான் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2020-ல் இந்த வெட்டுக்கு எல்லை போட்டது. மருந்து, கருவி, பரிசோதனை ஆகியவற்றில் வெட்டக் கூடாது. ஐசியு கட்டணத்தில் கூடாது. அறைக்கு ஏற்ப டாக்டர் கட்டணத்தை மாற்றாத மருத்துவமனையில் வெட்டவே கூடாது. மருத்துவமனை எந்த வகை என்பது அட்மிஷன் கவுன்டரில் இருப்பவருக்குத் தெரியும். நள்ளிரவில் நெஞ்சுவலியோடு ஒருவரைத் தூக்கி வந்த குடும்பத்துக்குத் தெரியாது. வெட்டுப் பட்ட பிறகாவது, “இங்கே அறைக்கு ஏற்பக் கட்டணம் மாறாது” என்று மருத்துவமனையிடம் எழுத்தில் வாங்கி நிறுவனத்துக்கு அனுப்பலாம். அதைவிடச் சிறந்தது, அறை வாடகை வரம்பே இல்லாத பாலிசி. அதற்கு ஆண்டுக்கு ₹3,000 கூடக் கேட்டாலும், மேற்சொன்ன ₹46,000 பதினைந்து ஆண்டுக் கூடுதல் பிரீமியத்துக்குச் சமம்.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு ஜிஎஸ்டி இல்லை. அதற்கு முன் வரியோடு ₹23,600 கட்டியவருக்கு இப்போது ₹20,000 வர வேண்டும். நோட்டீஸில் ₹22,000 இருந்தால், அடிப்படை விலை 10 சதவீதம் ஏறியிருக்கிறது என்று பொருள்.

மற்ற கேள்விகள்:

வரிச்சலுகை எல்லோருக்குமா? பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு மட்டும்.

சர்க்கரை நோயை மறைக்கலாமா? கூடாது, சொல்லிவிட்டால் காத்திருப்பு அதிகபட்சம் 36 மாதம்தான்.

நிறுவனம் மாற வேண்டுமா? புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

ஆண்டு பிரீமியம் கட்டும் தேதி தவறினால்? 30 நாள் அவகாசம் உண்டு.

டிஸ்சார்ஜ் நேரத்தில் கேஷ்லெஸ் ஒப்புதல்? மூன்று மணி நேரத்துக்குள் தர வேண்டும்.

சாலை விபத்தில்? முதல் 48 மணி நேரத்துக்கு ‘நம்மைக் காக்கும் 48’ திட்ட மருத்துவமனையில் அட்டை தேவையில்லை.

எந்தக் காப்பீடும் இல்லாதவர்? தேனி மாவட்டம் கானாவிலக்கில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லலாம். சிகிச்சைக்கு அட்டை கட்டாயமில்லை.

அரசு அட்டை இருந்தால் தனியார் பாலிசி தேவையா? அட்டை உள்ளவர் முதலில் தன் மருத்துவமனைகளையும் பட்டியலையும் பார்க்கட்டும். வருமான வரம்பில் வெளியே நிற்கும், இஎஸ்ஐ-யும் இல்லாத குடும்பத்துக்கு அறை வாடகை வரம்பில்லாத பாலிசி அவசியம்.