பனிக்கட்டி இறுகாத ஏரி

பின்லாந்தின் கிழக்கே புருவேசி என்றொரு ஏரி. தண்ணீர் அவ்வளவு தெளிவு. அது உறைந்தபின் மீனவர்கள் அதன்மேல் நடந்துபோய் மீன்பிடிப்பார்கள். நம் கரைவலை மாதிரிதான், ஆனால் வலை பனிக்கட்டிக்கு அடியில் போகும். பெரிய துளை ஒன்றில் வலையை இறக்கி, வரிசையாகப் போட்ட சிறு துளைகள் வழியே கயிற்றைக் கடத்தி, வலையை அகல விரிப்பார்கள். தொலைவிலுள்ள இன்னொரு துளையில் மீன் சேர்ந்த வலையின் மடி மேலே வரும். உள்ளே முயிக்கு என்ற வெள்ளிநிறச் சிறுமீன். முள் அவ்வளவு மென்மை. 2013-ல் ஐரோப்பிய ஒன்றியம் அதற்குப் புவிசார் குறியீடு தந்தது.

இந்த வேலைக்கு ஆளையும் இயந்திரத்தையும் தாங்கும் பனிக்கட்டி வேண்டும். இப்போது ஏரி தாமதமாக உறைந்து, சீக்கிரம் உருகுகிறது. மெல்லிய பனிக்கட்டிமேல் வெண்பனி கொட்டினால் குளிர் கீழே இறங்காது. பாரத்தில் பனிக்கட்டி அமிழ்ந்து, தண்ணீர் மேலே கசியும். அந்த ஈரப்பனி உறைந்தாலும் தெளிந்த பனிக்கட்டியின் பலம் அதற்கு வராது.

இன்னொரு கேடும் உண்டு. வெண்பனிக்குப் பதில் மழை பெய்தால், குளிர்காலத்திலேயே வெள்ளம் மண்ணையும் சத்துகளையும் ஏரிக்கு அடித்து வரும். வெள்ளம் எதை அடித்து வரும் என்பது நிலத்தைப் பொறுத்தது. பின்லாந்தின் சதுப்புநிலங்களில் பாதிக்கு மேல் மரம் வளர்க்கவும், எரிபொருளுக்கு பீட் எனும் மட்கிய தாவரப் படிவை வெட்டவும் வாய்க்கால் வெட்டி வடிக்கப்பட்டவை. வடிந்த பீட்டில் காற்று புகுந்தால் அது சிதைந்து கரியமில வாயுவை விடும். நீரும் பழுப்பாகும்.

புருவேசிக்கு வடக்கே செல்கியே கிராமத்தில் 2010-ல் யுகயோகி ஆற்றில் மீன்கள் செத்து மிதந்தன. ஆற்றின் மேற்பகுதியில் இருந்த பீட் சுரங்கத்தின் அமில நீர்தான் காரணம். ஊர்க்காரர்கள் அதைப் பற்றி விடாமல் கேள்வி கேட்டார்கள். சுரங்கம் நின்றது. மீனவரான டெரோ முஸ்டோனென் தலைமையிலான ஸ்னோசேஞ்ச் கூட்டுறவு 2017-ல் சுரங்கம் இருந்த லின்னுன்சுவோ நிலத்தையே வாங்கியது. அங்கே மீண்டும் தேங்கிய நீருக்குப் பறவைகள் திரும்பின. இதே வழியில் பல இடங்களை மீட்டதற்காக 2023-ல் அவருக்கு கோல்ட்மேன் விருது கிடைத்தது.

பூமி சூடாவதை ஓர் ஊர் மட்டும் நிறுத்திவிட முடியாது. ஆனால் வாய்க்காலை அடைத்தால் கரிமம் மண்ணிலேயே தங்கும், ஏரிக்கும் தெளிந்த நீர் வரும். ஆற்றில் பழுப்பேறுவதை முதலில் காண்பவர் வலை இழுப்பவர்தான். ஆற்றுக்கு மேலுள்ள நிலத்தில் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்ற முடிவிலும் அவருக்கு இடம் வேண்டும்.