ஏறும் கால், இறங்கும் கால்

மலையும் சக்கரமும் – 14

சென்ற வாரம் மஹிந்திரா தார் வண்டியை சஸ்பென்ஷனில் 2 அங்குலம் தூக்கி, 33 அங்குல டயர் மாட்டுவதைப் பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டு ஒரு வாசகி ஒரே வரியில் கேட்டிருந்தார்: “எல்லாம் சரி, எங்க மாமியார் எப்படி ஏறுவாங்க?” வண்டியைத் தூக்கும் பலருக்கு இந்தக் கேள்வி தோன்றுவதே இல்லை. தூக்கிய பிறகு அந்த வீட்டுப் பெரியவர்கள் “நான் வரல, நீங்க போயிட்டு வாங்க” என்று சொல்லத் தொடங்குவார்கள். இந்த வாரம் முழுக்க அந்தக் கேள்விக்குத்தான்.

முதலில் கணக்கு. தாரின் 255/65 ஆர்18 டயரின் உயரம் சுமார் 31 அங்குலம். அதை 33 ஆக்கினால் அச்சு உயர்வது அதில் பாதி, ஒரு அங்குலம். சஸ்பென்ஷனில் ஏற்றிய 2 அங்குலத்தையும் சேர்த்தால் மொத்தம் 3. வீட்டு மாடிப்படி ஒன்று 6, 7 அங்குலம்தான் இருக்கும். ஏற்கெனவே உயரமான வாசலில் இன்னும் அரைப் படி கூடிவிடுகிறது. சென்னையில் ஓடும் தாழ்தளப் பேருந்தின் தரையே 400 மி.மீ., அதாவது 16 அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. அதுவும் போதாதென்று, பெரியவர்கள் ஏற வசதியாக நிறுத்தத்தில் வாசல் பக்கம் கொஞ்சம் தாழ்ந்து கொடுக்கும்படி அந்தப் பேருந்துகளை அமைத்திருக்கிறார்கள்.

உடனே எல்லோரும் படியைத் தேடிக் கடைக்குப் போகிறார்கள். நான் கைப்பிடியிலிருந்து தொடங்கச் சொல்வேன். லாரி ஓட்டுநர் இறங்குவதைப் பாருங்கள். முகம் கேபினைப் பார்த்திருக்கும், முதுகு சாலைப் பக்கம் இருக்கும், கம்பியைப் பிடித்தபடியே கடைசிக் கால் தரைக்கு வரும். ஜேசிபி ஓட்டுபவர்களும் அப்படித்தான். இரண்டு கை, இரண்டு கால் என்ற நான்கில் மூன்று எந்நேரமும் வண்டியில் இருக்க வேண்டும் என்பது அந்தத் தொழிலின் பாலபாடம். உயர்த்திய ஜீப்பும் அந்த இனத்தைச் சேர்ந்துவிட்டது என்பதை நாம் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பிடி இல்லாத வண்டியில் கை எங்கே போகும்? கதவைப் பிடிப்பார்கள், அது கீலில் ஆடும், பாரம் விழும் நேரத்தில் விலகிப்போகும். ஸ்டீயரிங்கைப் பிடிப்பார்கள், பூட்டில் இல்லையென்றால் அதுவும் திரும்பும். சீட் பெல்ட்டை இழுப்பார்கள். உருவிக்கொண்டு கையோடு வரும். முன்கண்ணாடியை ஒட்டிய தூணில் செங்குத்தாக நீளமான ஒரு பிடி வேண்டும். தரையில் நிற்கும்போது அதன் கீழ்முனை நெஞ்சு உயரத்தில் எட்ட வேண்டும். உள்ளே நிமிரும்போது மேல்முனை கையில் இருக்க வேண்டும். ஏற்கெனவே இருக்கும் போல்ட் துளையில் மாட்டக்கூடியதாக வாங்குங்கள். ஏர்பேக் பொருத்திய தூணில் டிரில் வைக்கவே கூடாது. ரோல் பார் உள்ள வண்டிக்கு அதில் சுற்றிக் கட்டும் பட்டைப்பிடி மலிவாகக் கிடைக்கிறது. பின்சீட்டுக்காரர்களுக்கு அது பெரிய உதவி.

இனி படி. கடைகளில் பளபளவென்று தொங்கும் சைடு ஸ்டெப் பெரும்பாலும் நகரத்துக்கானது. வண்டியின் வயிற்றுக்கும் கீழே இறங்கித் தொங்கும். ஒரு மேட்டின் உச்சியில் முன்சக்கரம் அந்தப் பக்கமும் பின்சக்கரம் இந்தப் பக்கமும் இருக்கும்போது நடுவயிறு தட்டாமல் கடக்கும் கோணம், தாரின் 2020 மாடலுக்கு 27 டிகிரி. காசு கொடுத்து வண்டியைத் தூக்குவதே அந்தக் கோணத்தைக் கூட்டத்தான். அங்கே தாழ்வாக ஒரு படியைத் தொங்கவிட்டால் முதலில் பாறையைத் தொடுவது அதுதான். மெல்லிய தகடு வைத்து பாடியோடு முடுக்கிய படியாக இருந்தால் அடி வாங்கியதும் வாசலடியை நசுக்கும், கதவு திறக்காமல் இறுகிக்கொள்ளும்.

காட்டுக்குப் போகிறவர்களுக்கு ராக் ஸ்லைடர்தான் சரி. கனமான இரும்புக் குழாயில் செய்து சேசிஸோடு பொருத்துவது. வண்டியின் எடையையே தாங்கிப் பாறைமேல் சறுக்க வேண்டியது என்பதால் மனித எடை அதற்கு ஒரு பொருட்டல்ல. ஆனால் அது வாசலடியை ஒட்டியே இருப்பதால் படி உயரம் அதிகம் குறையாது. அதோடு வெறும் உருண்டைக் குழாயில் ரப்பர் செருப்பு நிற்காது, மழையில் சறுக்கும். அதனால் இரண்டு குழாய்க்கு நடுவே துளையிட்ட தகடு வைத்ததாகப் பாருங்கள். துளையின் விளிம்பு பாதத்தைப் பிடிக்கும், சேறு கீழே உதிர்ந்துவிடும். குழாயின் முனைகள் மூடி, வழவழப்பாகத் தேய்த்திருக்க வேண்டும். சேலை கட்டியவர்கள் ஏறும்போது கொசுவம் மாட்டுவது அந்த முனையில்தான். வடிவமைப்பவர்கள் பெரும்பாலும் பேன்ட் போட்டவர்கள் என்பது இந்த இடத்தில் தெரிந்துவிடும்.

கதவு திறந்ததும் தானே இறங்கி, மூடியதும் மடங்கிக்கொள்ளும் மின்படி, பாறையில் தட்டுவது, உயரம் குறையாதது என்ற இரண்டு பிரச்சினையையும் தீர்க்கும். விலை அதிகம், கீலில் சேறு இறுகினால் பாதியில் நின்றுவிடும். காற்று சஸ்பென்ஷன் உள்ள லேண்ட் ரோவர் டிஃபெண்டர் ஏறுவதற்காகத் தன்னை 50 மி.மீ. தாழ்த்திக்கொள்கிறது. நம்மில் பெரும்பாலோருக்கு இரண்டுமே எட்டாது.

அதனால் காலுக்கு வருவோம். வலப்பக்கக் கதவில் ஏறுகிறவர் படியில் முதலில் வைக்க வேண்டியது வலது கால், அதாவது வெளிப்பக்கக் கால். இடது கால் உள்ளே போகும், இடுப்பு இருக்கைக்கு வரும், வலது கால் பின்னால் சேரும். இடது காலைப் படியில் வைத்துவிட்டால் குறுகிய இடத்தில் கால் மாற்ற வேண்டிவரும்; தடுமாறுவது அங்கேதான். இடப்பக்கக் கதவில் எல்லாம் நேர்மாறு.

முழங்கால் வலி இருப்பவர்களுக்குப் பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் விதி ஒன்று உண்டு: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். வலது முழங்கால் வலிக்கிறவருக்கு இடது காலை முதலில் வைக்க விடும் இடப்பக்கக் கதவு பொருந்தும். இடது முழங்கால் வலிக்கிறவருக்கு வலப்பக்கக் கதவு. ஐந்து கதவுத் தார் ராக்ஸில் அவரை ஓட்டுநருக்குப் பின்னால் உட்காரவைக்கலாம். மூன்று கதவுத் தாரில் அந்த வழி இல்லை, முன்னால் இடப்பக்கம்தான். அப்போது இரண்டு பாதமும் சேர்ந்து நிற்க இடமுள்ள அகலப் படி தேவைப்படுகிறது. நல்ல காலை வைத்து, மற்றதையும் சேர்த்து, நின்று மூச்சுவிட்டு, பிறகு உள்ளே. வாசகியின் மாமியாருக்கு எந்த முழங்கால் என்று தெரிந்துகொண்டு படி வாங்கப் போங்கள் என்பதே என் பதில்.

செலவே வேண்டாம் என்றால் அகலமான காலுள்ள ஒரு முக்காலி போதும். அடியில் ரப்பர், மேலே சொரசொரப்பு, ஓரத்தில் ஒரு கயிறு. ஏறி உட்கார்ந்தபின் கயிற்றை இழுத்து உள்ளே வைத்துக்கொள்ளலாம். லேசான பிளாஸ்டிக் ஸ்டூல் சரிவில் கவிழும், அதைத் தொடாதீர்கள். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலை ஏறும் ஜீப்புகளைப் பார்த்தவர்களுக்கு இன்னொரு வழி தெரியும்: பின்பக்கம் ஒரு படி, மேலே பிடிக்கக் கம்பி. குனிந்து, திரும்பி, காலை மடக்கி உள்ளே நுழைக்கும் வேலை அதில் குறைவு.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை வைத்து உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மாற்றுத்திறனாளிக்காக வண்டியைத் தகவமைக்க அந்தத் திருத்தமே நிபந்தனைகளோடு வழி வைத்திருக்கிறது. எதைச் செய்தாலும் முதலில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள்.

கடைசியாக, வண்டியை நிறுத்தும் இடம். பெரியவர் ஏறும் கதவு நடைமேடை அல்லது திண்டுப் பக்கம் வரும்படி நிறுத்தினால் 5, 6 அங்குலம் சும்மா கிடைக்கும். மலைச்சரிவில் மேட்டுப்பக்கக் கதவில் ஏறலாம், ஆனால் வண்டி சாய்ந்திருப்பதால் அந்தக் கதவு தானாக வந்து மூடப்பார்க்கும். ஒருவர் வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ளட்டும். இறங்கும்போதும் அவரே முதலில் இறங்கி அங்கே நிற்கட்டும். அவர் கதவைப் பிடித்தால் போதும். ஏறுகிறவர் கேட்டாலொழிய அவர் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம்.

(தொடரும்)