‘ரப்பர்’ என்னும் சொல்லும் நம் பால்மரமும்

பென்சில் எழுத்தை அழிக்க நம் பிள்ளைகள் கடையிற் கேட்டு வாங்கும் சிறு துண்டும் ‘ரப்பர்’. அவர்தம் பாட்டனும் பாட்டியும் விடியுமுன் பிரட்டுக்கு நின்று பின் நிரையேறி வெட்டிய மரமும் ‘ரப்பர்’. இவ்விரண்டில் எது முதலில் அப்பெயரைப் பெற்றது என்று மேல்வகுப்பு மாணவர்களைக் கேட்டால், ‘மரம்’ என்றே பெரும்பாலும் விடை வருகின்றது. மரத்திலிருந்துதானே துண்டு வந்தது என்பது அவர்கள் கூறும் காரணம். பொருளுக்கு அது பொருந்தும். பெயரின் கதையோ தலைகீழானது.

ஆங்கிலத்தில் ‘ரப்’ என்றால் தேய்த்தல். ‘டீச்’ என்பது ‘டீச்சர்’ ஆவது போல, ‘ரப்’ என்பது ‘ரப்பர்’ ஆயிற்று. தேய்ப்பவர், தேய்க்கும் பொருள் என்பது அதன் கருத்து. இம்மரத்தின் பாலை அறியுமுன்னரே, துடைக்கும் துணிக்கும் தீட்டும் கல்லுக்கும் ஆங்கிலேயர் அப்பெயரை வழங்கினர். பென்சில் கோட்டை அழிக்க அக்காலத்தில் ரொட்டியின் உட்பகுதியை உருட்டித் தேய்ப்பது வழக்கம். 1770ஆம் ஆண்டில் ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் அறிஞர், சித்திரம் வரைதலைப் பற்றிய தம் நூலில், அப்பணிக்கு மிகவும் ஏற்ற ஒரு பொருளைக் கண்டதாக எழுதினார். இலண்டனில் எட்வர்ட் நேர்ன் என்னும் கருவி வணிகர் அதனை விற்றார். அரை அங்குலக் கனசதுரத் துண்டு ஒன்றின் விலை 3 ஷில்லிங். அந்நாளில் அது சிறு தொகையன்று. அப்பொருள் தென்னமெரிக்கக் காட்டு மரத்தின் உறைந்த பாலே. தேய்த்து அழித்தமையால் அதுவும் ‘ரப்பர்’ எனப்பட்டது. பின்னர் 1839இல் சார்லஸ் குட்இயர் என்பார் அதனைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கி உறுதிப்படுத்தும் வழியைக் கண்டார். வண்டிச் சக்கரமும் காலணியும் குழாயும் அதனால் உருவாயின. மேசைமேல் வைத்த பெயர் மட்டும் மாறவில்லை.

‘இந்தியா ரப்பர்’ என்று பழைய நூல்களில் காணலாம். அது நம் முன்னோர் பிறந்த இந்தியாவைக் குறிப்பதன்று. 1492இல் கடல் கடந்த கொலம்பஸ், தாம் கீழைத்தேயத்தை அடைந்துவிட்டதாகக் கருதியமையால், அமெரிக்க மண்ணின் மக்கள் ‘இந்தியர்’ எனவும் அந்நிலப்பகுதி ‘இந்தீஸ்’ எனவும் வழங்கப்பட்டன. அவ்வழி வந்த பெயரே இது.

நேர்ன் துண்டு விற்ற காலத்தில் மலாயாவில் இம்மரம் ஒன்றேனும் இல்லை. 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 விதைகளை இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். முளைத்த கன்றுகளுள் 22 அடுத்த ஆண்டு சிங்கப்பூரை வந்தடைந்தன. சில கோலகங்சாரில் நடப்பட்டன. அதன் பின்னரே தோட்டங்கள் பெருகின. நம் முன்னோரும் கப்பலேறினர்.

அவர்கள் இம்மரத்துக்கு என்ன பெயர் இட்டனர்? பால்மரம் என்றனர். எருக்கம்பால், கள்ளிப்பால், ஆலம்பால் என்று செடிகொடிகளிலிருந்து வடிவதைப் பால் என்றழைத்த மொழியுடன் வந்தவர்கள், புது மரத்துக்கும் அச்சொல்லையே கொடுத்தனர். மலாய்க்காரர் சொல்லும் ‘கெத்தா’வும் மரத்திலிருந்து கசியும் பாலையும் பிசினையுமே குறிக்கும். வெட்டிய கோட்டில் ஒட்டிக் காய்ந்தது ஒட்டுப்பால், மங்கில் இறுகியது கட்டிப்பால் என்று நிலைக்கொரு பெயரையும் நம்மவர் ஆக்கினர். ‘பால்மரம்’ என்பது படியாதவர் பேச்சு என எண்ணி நாணும் மாணவர் சிலர் உளர். இலண்டன் கனவான் தம் மேசைமேல் கண்டதைக் கொண்டு பெயரிட்டார்; நம் பாட்டி மரத்தடியில் நின்று கண்டதைக் கொண்டு பெயரிட்டார். எது பொருளுக்கு நெருங்கிய பெயர் என்பதை மாணவரே சொல்லட்டும்.

இச்சொல்லுக்கு வேறு வழக்குகளும் உண்டு. எதையும் ஆராயாமல் ஒப்புதல் தருபவரை ‘ரப்பர் ஸ்டாம்ப்’ என்பர். டேவிஸ் கிண்ண டென்னிசில் ஒவ்வோர் ஆட்டமும் ஒரு ‘ரப்பர்’. வெற்றி முடிவான பின் ஆடப்படுவது ‘டெட் ரப்பர்’. பந்து ரப்பரால் ஆனமையால் வந்த பெயரோ எனில், அன்று. மரப்பாலுக்கு அப்பெயர் வருமுன்னரே இவ்வழக்கு ஆங்கிலத்தில் இருந்தது. அமெரிக்கர் அழிப்பானை ‘இரேசர்’ என்பர். இன்று கடையில் கிடைக்கும் அழிப்பான்களுள் பல பிளாஸ்டிக்கால் ஆனவை. ஆயினும் அவை நமக்கு ‘ரப்பர்’தான்!

இனி, ஆங்கிலக் கட்டுரை எழுதும் மாணவருக்கு ஒன்று. ‘அம்மா மரம் வெட்டப் போகிறார்’ என்னும் வீட்டுப் பேச்சை அப்படியே பெயர்த்து, ‘கட்’ என்று எழுதிவிடுகின்றனர். அதைப் படிக்கும் ஆங்கிலேயர், அம்மா கோடரியால் மரத்தைச் சாய்க்கிறார் என்று எண்ணுவார். அங்கே வேண்டிய சொல் ‘டேப்’. பீப்பாயின் அடைப்பைத் திறந்து உள்ளிருப்பதை வடித்தெடுத்தல் என்பது அதன் பழம்பொருள். தண்ணீர்க் குழாயின் ‘டேப்’பும் அதன் இனமே. கதவைத் தட்டும் ‘டேப்’ வேறு சொல். ஒலி மட்டுமே ஒன்று. மங்கில் வடியும்போது அது ‘லேடெக்ஸ்’. இறுகிய பின்னரே ‘ரப்பர்’. தோட்டங்கள் பலவற்றில் செம்பனை நிறைந்துவிட்டமையால், பால் வடிவதைக் காணாத பிள்ளைகள் இப்பள்ளியிலேயே பலர். அவர்கள் தாத்தாவிடம் ஒருமுறை கேட்டறிந்து எழுதலாம்: பட்டையை எவ்வளவு மெல்லியதாகச் சீவினால் மரத்துக்குக் காயம் படாது என்பதை அவர் விரலாலேயே காட்டுவார். அவரை ஆங்கிலத்தில் ‘டேப்பர்’ என்று எழுதுக.