ஆதரவற்ற குழந்தைகளும் விடுமுறைத் தொண்டும்

முன்னுரை

பல்கலைக்கழகத் தேர்வுகள் முடிந்து கோடை விடுமுறை தொடங்கவிருந்த ஒரு பிற்பகலில், எம் துறையில் இரண்டாம் ஆண்டு முடித்திருந்த மாணவர் ஒருவர் கையில் ஒரு விண்ணப்பத்துடன் என்னைக் காண வந்தார். வெளிநாடு ஒன்றில், பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கென நடைபெறும் கோடைக்கால முகாமில் மூன்று வாரம் தொண்டாற்றுவதற்கான விண்ணப்பம் அது. பயணச் செலவையும் முகாம் கட்டணத்தையும் தொண்டரே ஏற்க வேண்டும். வளைகுடாவில் பணிபுரியும் தாய்மாமன் பணம் தர இசைந்திருப்பதாகக் கூறிய அவர், "ஐயா, ஒரு பரிந்துரைக் கடிதம் மட்டும் தந்தால் போதும்" என்றார்.

நல்ல செயலுக்குக் கடிதம் தருவதில் தயக்கம் ஏன் என்று வாசகர் கேட்கலாம். நானும் என்னையே அவ்வாறு கேட்டுக்கொண்டேன். எனினும் ஒருநாள் அவகாசம் கேட்டு அவரை அனுப்பிவைத்தேன். அன்றிரவு எண்ணியவற்றையும், பின்னர் படித்துத் தெளிந்தவற்றையும் தொகுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

'அநாதை' என்னும் சொல் வடமொழி வழிவந்தது. நாதன், அதாவது காப்பவன், இல்லாத நிலையை அது குறிக்கிறது. 'யத்தீம்' என்னும் அரபுச் சொல் தனித்து நிற்றல் என்னும் பொருளை அடியாகக் கொண்டது. பருவம் எய்துமுன் தந்தையை இழந்த குழந்தையை இசுலாமியச் சட்டம் யத்தீம் என்கிறது. பெற்றோருள் ஒருவரையேனும் இருவரையுமேனும் இழந்த குழந்தையை யுனிசெஃப் நிறுவனம் இவ்வகையில் சேர்க்கிறது. இவ்வரையறைகளை ஒப்புநோக்கின் ஓர் உண்மை புலப்படும். 'அநாதை' என்று நாம் அழைக்கும் குழந்தைகளுட் பலருக்குத் தாயோ, பாட்டியோ, மாமனோ, மூத்த சகோதரியோ இருக்கின்றனர். இவ்வுண்மையை மறந்து செய்யும் தொண்டு திசைமாறிப் போகக்கூடும்.

நம் மரபில் காப்பாளர்

பறம்புமலைத் தலைவன் பாரி மாய்ந்தபின் அவன் மகளிர் இருவரும் தனித்து நின்றனர். தந்தையையும் குன்றையும் இழந்த அவர்தம் துயரம் புறநானூற்றின் 112ஆம் பாடலாக இன்றும் நம் வகுப்பறைகளில் ஒலிக்கிறது. பாரியின் நண்பராகிய கபிலர் அம்மகளிரைத் தம் மக்களாகவே கொண்டு, விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் சென்று மணம் பேசினார். அவர்கள் மறுத்தபோதும் அவர் அம்மகளிரைக் கைவிடவில்லை. தக்கார்பால் அடைக்கலமாக ஒப்படைத்த பின்னரே வடக்கிருந்து உயிர் துறந்தார்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிறக்குமுன்னரே தந்தை அப்துல்லாஹ்வை இழந்தவர்கள். ஆறாம் வயதில் அன்னை ஆமினாவும் மறைந்தார்கள். பாட்டனார் அப்துல் முத்தலிப் இரண்டாண்டுகள் வளர்த்தார். அவருக்குப் பின் பெரிய தந்தை அபூதாலிப் தம் இல்லத்தில் வைத்துக் காத்தார். இவ்வரலாற்றைச் சீறாப்புராணமாகப் பாடிய உமறுப்புலவரின் அடக்கத்தலம் நமக்கு அண்மையிலுள்ள எட்டயபுரத்திலேயே இருக்கிறது. அதே எட்டயபுரத்தில் 1882இல் பிறந்த பாரதியார் ஐந்து வயதில் தாயையும், 1898இல் தந்தையையும் இழந்தார். காசியிலிருந்த அத்தை குப்பம்மாள் அவரைத் தம்மிடம் அழைத்துக்கொண்டார்.

காலத்தாலும் இடத்தாலும் வேறுபட்ட இம்மூன்று வரலாறுகளிலும் குழந்தைக்குக் கிடைத்தது பெயரறிந்த ஒருவரின் நிலையான துணையே ஆகும். உறவினரோ தந்தையின் தோழரோ, யாராயினும் 'இவர் என் பொறுப்பு' என்று ஏற்றுக்கொண்டார்.

பாலாச்சடி முகாம்

அயல்நாட்டுக் குழந்தைகளுக்காக நடத்தப்பெற்ற முகாம் ஒன்று நம் நாட்டு வரலாற்றிலேயே உண்டு. 1939 செப்டம்பரில் செர்மனியும் சோவியத்து நாடும் போலந்தைப் படையெடுத்துப் பங்கிட்டுக்கொண்டன. தொடர்ந்த ஈராண்டுகளில் இலட்சக்கணக்கான போலந்து மக்கள் சைபீரியாவுக்கும் கசாகசுத்தானுக்கும் நாடு கடத்தப்பட்டனர். பசியாலும் நோயாலும் பெற்றோர் மடிந்தனர். தந்தையர் பலர் படையில் சேர்ந்து பிரிந்தனர். 1941இல் செர்மனி சோவியத்து நாட்டைத் தாக்கிய பின்னர் இவர்கள் வெளியேற வழி பிறந்தது. அக்குழந்தைகளுள் ஒரு பகுதியினர் ஈரான், பலூசிசுத்தான் வழியாக லாரிகளிலும் பின்னர் இரயிலிலும் 1942இல் பம்பாய் வந்தடைந்தனர்.

அவர்களை ஏற்றுக்கொண்டவர் நவாநகர் சமசுத்தானத்தின் மன்னர் சாம் சாகிப் திக்விசயசிங். சாம்நகருக்கு அருகில், கடற்கரையிலுள்ள பாலாச்சடி என்னும் ஊரில், தம் கோடை மாளிகையை அடுத்து முகாம் அமைத்துக் கொடுத்தார். பிற சமசுத்தான மன்னர்களிடமும் நிதி திரட்டினார். ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகள் அம்முகாமின் நிழலில் வளர்ந்தனர் என்று பொதுவாகக் கூறப்படுகிறது. தம்மை 'பாபு', அதாவது தந்தை, என்றே அழைக்குமாறு அவர் குழந்தைகளிடம் கூறினார்.

இம்முகாமின் நடைமுறை நம் கவனத்திற்குரியது. குழந்தைகளைத் தம் மொழிக்கோ சமயத்திற்கோ மாற்ற மன்னர் முற்படவில்லை. போலந்து மொழியிலேயே பள்ளி நடந்தது. அம்மொழி நூல்களுக்கு ஒரு நூலகம் இருந்தது. சாரணர் குழுக்கள் இயங்கின. பிரான்சிசெக் புளூட்டா என்னும் போலந்துப் பாதிரியார் முகாமின் தலைவராக இருந்தார். குழந்தைகள் நடத்திய நாடகங்களைக் காண மன்னர் வந்து அமர்வார். ஒருமுறை நாள்தோறும் கீரை பரிமாறப்படுவதை எதிர்த்துக் குழந்தைகள் உண்ண மறுத்தனராம். செய்தியறிந்த மன்னர் கீரையை நிறுத்தச் சொன்னார் என்று முதுமையில் அவர்கள் சிரித்தபடி நினைவுகூர்ந்தனர். ஒரு பிடி உணவு கிடைக்காதா என்று ஏங்கிய குழந்தைகள், 'இது வேண்டாம்' என்று சொல்லும் உரிமையை இங்கே திரும்பப் பெற்றனர்.

1946இல் பாலாச்சடி முகாம் மூடப்பட்டபோது, எஞ்சியோர் கோலாப்பூர் அருகிலிருந்த வளிவடே முகாமுக்கு மாற்றப்பட்டனர். பின்னர் உலகின் பல நாடுகளில் குடியேறினர். மன்னர் 1966இல் மறைந்தார். வார்சா நகரில் 'நல்ல மகாராசா' என்னும் பெயரில் ஒரு சதுக்கமும், அவர் பெயரில் ஒரு பள்ளியும் உள்ளன. நான்காண்டு காலம் உடனிருந்ததன் பயன் அது.

ஆய்வுகள் கூறுவன

அதே போர்க்காலத்தில் இலண்டனில் ஆன்னா பிராய்டும் டோரத்தி பர்லிங்காமும் ஆம்சுடெட் போர்க்காலக் குழந்தைகள் இல்லத்தை நடத்தினர். தொடக்கத்தில் எல்லாச் செவிலியரும் எல்லாக் குழந்தைகளையும் கவனித்தனர். பின்னர் நான்கைந்து குழந்தைகளுக்கு ஒரு செவிலி என்று சிறு குடும்பங்களாகப் பிரித்தனர். பொறாமையும் அழுகையும் முதலில் மிகுந்தன. ஆனால் அதன்பின் குழந்தைகள் விரைந்து பேசக் கற்றனர், நற்பழக்கங்களும் படிந்தன. 'இவர் என்னுடையவர்' என்று சொல்ல ஒருவர் கிடைத்ததே காரணம் என்று அவர்கள் கண்டனர்.

ருமேனியாவின் தலைநகர் புக்காரெசுட்டில், கைவிடப்பட்டு இல்லங்களில் வளர்ந்த 136 குழந்தைகளைக் கொண்டு ஓர் ஆய்வு 2000ஆம் ஆண்டையொட்டித் தொடங்கியது. சார்லசு நெல்சன், நேத்தன் பாக்சு, சார்லசு சீனா ஆகியோர் அதனை நடத்தினர். அக்குழந்தைகளுள் பாதியினர் வளர்ப்புக் குடும்பங்களில் சேர்க்கப்பட்டனர். இல்லத்திலேயே தங்கியவர்களைவிடக் குடும்பத்தில் வளர்ந்தவர்கள் அறிவு வளர்ச்சியிலும் பிறரோடு பிணைப்புக் கொள்வதிலும் மேம்பட்டனர். இரண்டு வயதுக்கு முன் குடும்பம் கிடைத்தவர்களிடம் இம்மேம்பாடு மிகுந்திருந்தது.

வந்து செல்லும் தொண்டு

இனி, விடுமுறைத் தொண்டுக்கு வருவோம். இல்லத்தில் வளரும் குழந்தை புதியவர் எவரைக் கண்டாலும் ஓடிவந்து கையைப் பற்றிக்கொள்ளும். தொண்டர் அதனைத் தம் அன்புக்குக் கிடைத்த பரிசு என்று மகிழ்வார். ஆனால் நிலையான பிணைப்பு இல்லாமையின் அடையாளமாகவும் அது இருக்கலாம் என்பது உளவியலார் கருத்து. மூன்று வாரத்தில் ஒருவர் பழகிப் பிரிகிறார். அடுத்து வேறொருவர் வருகிறார். முன்பே ஒரு பெரும் பிரிவைக் கண்ட குழந்தைக்கு ஒவ்வொரு விடைபெறுதலும் அப்பிரிவையே நினைவூட்டும்.

இதனினும் கொடியது ஒன்று உண்டு. வெளிநாட்டுத் தொண்டர் தரும் கட்டணமும் நன்கொடையும் பெருகிய நாடுகளில் இல்லங்களும் பெருகின. கம்போடியாவில் 2005க்கும் 2010க்கும் இடையே இல்லங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ முக்கால் பங்கு உயர்ந்தது. அங்கிருந்த குழந்தைகளுள் பெரும்பாலோருக்குப் பெற்றோருள் ஒருவரேனும் உயிருடன் இருந்தனர். தேவையினால் இல்லம் தோன்றிய நிலை மாறி, இல்லத்தின் தேவைக்காகக் குழந்தை திரட்டப்படும் நிலை உண்டாயிற்று. இத்தகைய தொண்டுச் சுற்றுலாவினால் விளையும் கேடுகளைத் தடுக்க வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை 2019 டிசம்பரில் தீர்மானம் நிறைவேற்றியது.

எனவே முகாம்கள் அனைத்தும் தீயவை என்று முடிவு கட்டுதல் முறையன்று. அமெரிக்காவில் லின் இயூசு என்பவர் சிறுவயதிலேயே பெற்றோர் இருவரையும் இழந்தவர். அவர் 1999இல் தொடங்கிய முகாமில், ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பயிற்சி பெற்ற தொண்டர் துணையாக அமர்த்தப்படுகிறார். வார இறுதியில் குழந்தைகள் கூடித் தம் இழப்பைப் பற்றிப் பேசுகின்றனர். முகாம் முடிந்ததும் தம்மை வளர்ப்போரிடம் வீடு திரும்புகின்றனர். 'முகாம் முடிந்தபின் குழந்தை யாரிடம் திரும்பும்?' என்னும் கேள்விக்கு அங்கே விடை உண்டு. அவ்விடை இல்லாத முகாமில் தொண்டருக்கு அனுபவம் கிடைக்கலாம். குழந்தைக்கு என்ன கிடைக்கும்?

கரிசல் மண்ணில்

கடல் கடந்து செல்லுமுன் நம் வாசலையும் பார்க்க வேண்டும். மழை பொய்த்தால் கரிசல் நிலம் வெடிப்பது போலவே இப்பகுதிக் குடும்பங்களும் சிதறுகின்றன. பருத்தியும் உளுந்தும் கைகொடுக்காத ஆண்டுகளில் தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலுமே உலை ஏற்றுகின்றன. 2012 செப்டம்பர் 5இல் சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2021 பிப்ரவரி 12இல் சாத்தூர் அருகே அச்சங்குளத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் பலியாயினர். மாண்டோர் தொகை மறுநாள் செய்தித்தாளில் வரும். அவர்கள் விட்டுச்சென்ற குழந்தைகள் எங்கே உறங்குகின்றனர் என்பது வருவதில்லை. பெரும்பாலும் ஆச்சி வீட்டிலோ மாமன் வீட்டிலோதான் உறங்குகின்றனர்.

நம் நாட்டில் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், இல்லத்தில் சேர்ப்பதைக் கடைசி வழியாகவே கருதுகிறது. உறவினர் வீட்டிலேயே குழந்தை வளர, தகுதியுடையோர்க்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை வழங்கும் நடுவண் அரசின் திட்டம் உண்டு. தமிழ்நாடு அரசும் 2025 செப்டம்பரில் 'அன்புக்கரங்கள்' என்னும் பெயரில் மாதம் 2,000 ரூபாய் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் இறப்புச் சான்றும் வருமானச் சான்றும் வங்கிக் கணக்கும் கொண்டு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் படியேற எழுத்தறியாத ஆச்சியால் இயலுமா? ஒரு கல்லூரி மாணவர் அரைநாள் உடன் சென்றால் அக்குழந்தை இல்லத்திற்குப் போகாமல் வீட்டிலேயே வளர வாய்ப்புண்டு. இடர்ப்படும் குழந்தையைக் கண்டால் 1098 என்னும் தொலைபேசி எண்ணை அழைப்பதும் தொண்டே.

சமுதாயப் பெரியோரிடம் பணிவுடன் ஒன்று வேண்டுவேன். யத்தீம் இல்லங்கள் ஆற்றிய பணி பெரிது. 1921 மலபார்க் கிளர்ச்சிக்குப் பின் பஞ்சாபிலிருந்து வந்த பெருமக்கள் 1922இல் கோழிக்கோட்டில் தொடங்கிய இல்லம் இன்று பல கல்வி நிலையங்களாகத் தழைத்திருக்கிறது. யாருமற்ற குழந்தைக்கு இல்லம் வேண்டும். ஆயினும், குழந்தையின் குலப்பெயரை மாற்றாமல் தம் பொறுப்பில் ஏற்று வளர்க்கும் 'கஃபாலா' நம் மார்க்கம் காட்டிய வழியாகும். 1989ஆம் ஆண்டின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை தன் 20ஆம் பிரிவில் அதனைப் பெயர் சுட்டியே ஏற்கிறது. புதிய கட்டடத்திற்கு அளிக்கும் நன்கொடையில் ஒரு பங்கை, யத்தீமை வளர்க்கும் விதவைத் தாயின் வீட்டு வாடகைக்கும் அரிசிக்கும் மாதந்தோறும் ஒதுக்கினால் அக்கட்டடத்தில் ஓர் அறை குறைவாகத் தேவைப்படும்.

முடிவுரை

மறுநாள் அம்மாணவர் வந்தார். நான் எண்ணியவற்றைச் சொன்னேன். சற்று நேரம் பேசாதிருந்தவர், தம் தந்தை வெடிவிபத்தில் இறந்த பின்னர் மூன்றாண்டுகள் வேறொரு மாவட்டத்தில் ஓர் இல்லத்தில் வளர்ந்ததைக் கூறினார். மூன்றாண்டுகள் அவருக்குப் பாடம் நடத்தியும் நான் அறியாத செய்தி அது என்று எழுத விரும்பினேன். இரண்டாண்டுகள் என்பதே சரி. இரண்டாண்டுகளும் நான் கேட்கவில்லை.

"பிறந்தநாள் கொண்டாட நிறையப் பேர் வருவார்கள் ஐயா. கேக் தருவார்கள், படம் எடுப்பார்கள். ஒருவர் பெயரும் எனக்கு நினைவில்லை. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் மட்டும் சனிக்கிழமைதோறும் பேருந்தில் வருவார். மழையிலும் வருவார். மகன் ஊருக்குப் போகப்போவதை ஒரு மாதம் முன்பே எங்களிடம் சொல்லிவிட்டார். போன பிறகும் அஞ்சலட்டை போட்டார். அவர் பெயர் நினைவிருக்கிறது" என்றார்.

கடிதத்தை எழுதிக் கொடுத்தேன். அதனுடன், முகாமுக்கு அனுப்ப ஐந்து கேள்விகளையும் இருவரும் சேர்ந்து எழுதினோம். குழந்தைகள் முகாமுக்குப் பின் யாரிடம் திரும்புவர்? தொண்டர்க்குப் பயிற்சி உண்டா? அவர்தம் பின்னணி விசாரிக்கப்படுகிறதா? குழந்தைகளைப் படமெடுக்கத் தடை உண்டா? அடுத்த ஆண்டும் அதே குழந்தைகளிடம் வர இயலுமா? இரண்டு கேள்விகளுக்கே விடை வந்தது. அவர் செல்லவில்லை.

அவ்விடுமுறை முதல் சனிக்கிழமைதோறும் கோவில்பட்டிக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூருக்கு மிதிவண்டியில் சென்று, ஆச்சியிடம் வளரும் அண்ணன் தங்கை இருவருக்குப் பாடம் சொல்லித் தருகிறார். தங்கை நன்றாகப் படிக்கிறாள். அண்ணன் இன்னும் அதிகம் பேசுவதில்லையாம். "வருகிறானா இல்லையா என்று என்னைச் சோதித்துப் பார்க்கிறான் போலும் ஐயா" என்றார்.

இம்மலரைப் படிக்கும் மாணவச் செல்வங்களுக்கு என் வேண்டுகோள் இதுவே. பட்டப்படிப்பு மூன்றாண்டுகள். உங்கள் ஊரிலேயே ஒரு குழந்தையைத் தேர்ந்து, அம்மூன்றாண்டுகளும் வாரம் ஒருமுறை செல்லுங்கள். செல்ல இயலாத வாரத்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.