சரக்கு ரயில் நிற்கும்போது ‘தடதட’வென ஓசை ஓடுவது ஏன்?

அம்பாங்கில் எல்.ஆர்.டி. இலகு ரயில் வண்டி சாந்தமாக வந்து நிற்பதைக் கண்டு பழகிய நீங்கள், கிள்ளான் துறைமுகத்துக்குக் கொள்கலன்களைச் சுமந்து செல்லும் நீண்ட சரக்கு ரயில் நிற்கையில், பெட்டிக்குப் பெட்டி ஓர் ஓசை தாவிச் செல்வதைக் கேட்டதுண்டா?

பத்துமலைத் தைப்பூசக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். முன்னே செல்பவர் சட்டென நின்றாலும், அச்செய்தி எட்டாத பின்வரிசையார் நெருக்கிக்கொண்டே வருவார்கள் அல்லவா? இங்கும் அதே கதைதான்.

ரயிலை நிறுத்த, அமெரிக்கப் பொறியாளர் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1870களில் கண்ட காற்று பிரேக் முறையில், வண்டி நெடுகிலும் செல்லும் குழாயில் காற்று நிறைந்திருக்கும்வரை பிரேக்குகள் விலகியே நிற்கும். ஓட்டுநர் அதனை வெளியேற்றி அழுத்தத்தைக் குறைத்தால், ஒவ்வொரு பெட்டியின் கலனிலும் சேமித்த காற்று பாய்ந்து பிரேக் கட்டைகளைச் சக்கரத்தின்மேல் அழுத்தும். குழாய் அறுந்தாலும் வண்டி தானே நின்றுவிடும்! என்ன அபாரமான புத்தி!

ஆனால் அழுத்தக் குறைவு ஒலியை விஞ்சி ஓடாது. 600 மீட்டர் வண்டியின் கடைசிப் பெட்டிக்கு அது சேர இரண்டு வினாடிக்கு மேலும் ஆகலாம். அதற்குள் பின்பெட்டிகள் முன்னவற்றின்மீது மோதும்; அதுதான் அந்தத் ‘தடதட’ ஓசை.

உராய்வோ இன்னும் நிலையற்றது: வார்ப்பிரும்புக் கட்டை வேகத்தில் வழுக்கும், வேகம் தணியத் தணிய இறுகப் பற்றும், கடைசிக் குலுக்கல் அதனால்தான். ஆகவே இந்த மோதல்களைக் கணிக்க, பொறியாளர்கள் ஒவ்வொரு பெட்டியையும் ஒரு பாரமாகவும், இணைப்பை உராயும் சுருள்வில்லாகவும் பாவித்து, குழாயின் காற்றழுத்தத்தைக் கணந்தோறும் கணினியில் கணக்கிடுகின்றனர்.