வாய்க்குள் வைக்கும் பொருள்

பல் அடைக்கப் போகிறவர்கள் டொக்டரிடம் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "எது டொக்டர் கூட நாளைக்கு நிக்கும்? வெள்ளியா, வெள்ளையா?" பலத்தை மட்டும் பார்த்து இதற்கு விடை சொல்ல முடியாது. வாய் கடுமையான இடம். எந்நேரமும் ஈரம், சுடச்சுடப் பிளேன்டி, பின்னாலேயே ஐஸ் தண்ணி, தேசிக்காய்ப் புளி, போதாததற்கு ஓயாத மெல்லல்.

சூட்டில் விரிவதும் குளிரில் சுருங்குவதும் பல்லுக்கும் உண்டு. பல்லின் மேலோட்டை விஞ்ஞானப் பாடநூல் மிளிரி என்கிறது (தமிழ் படிப்பிக்கிற எனக்குப் பிடித்த சொல்). மிளிரியைவிட வெள்ளி நிற அடைப்பு ஏறத்தாழ 2 மடங்கு விரியும். வெள்ளை அடைப்பு, வகையைப் பொறுத்து 2 முதல் 5 மடங்கு வரை விரியும். பல்லும் அடைப்பும் ஒத்து அசையாவிட்டால் நடுவில் மயிரிழை இடைவெளி விழும். எச்சிலும் கிருமியும் அதற்குள் புக, அடைத்த பல்லே திரும்பவும் சூத்தையாகும். ஆகவே, பல்லோடு எவ்வளவு ஒத்துப்போகும் என்பதையும் கேட்கவேண்டும்.

வெள்ளி அடைப்பு என்பது வெள்ளி, வெள்ளீயம், செம்புத் தூளை இரசத்தோடு குழைத்த கலவை. நிறையில் ஏறத்தாழ பாதி இரசம். மெல்லும் பாரத்தை நன்றாகத் தாங்கும். ஆனால் பல்லில் ஒட்டாது. அது கழன்று விழாமலிருக்க, வாய் ஒடுங்கி உள்ளே அகன்ற குழியாக, நல்ல பல்லையும் சேர்த்தே வெட்டவேண்டும். வேடிக்கை என்னவென்றால், அதில் மெல்ல மெல்லப் பிடிக்கும் கறளே ஓர இடைவெளியை அடைத்துவிடுகிறது. இரசம் சூழலைக் கெடுப்பதால் உலகம் இதைக் கைவிட்டு வருகிறது. மருத்துவத் தேவையுள்ள சில சந்தர்ப்பங்கள் தவிர, ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி முதல் தடை செய்துவிட்டது.

கறள் என்றதும் அர்ஃபஜா இப்னு அஸ்அத் (ரழி) அவர்களின் செய்தி ஞாபகம் வருகிறது. குலாப் போரில் மூக்கை இழந்த அவர் வெள்ளியில் மூக்குச் செய்து வைத்தார், அது நாற்றமெடுத்தது. பொன்னால் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். அபூதாவூத், திர்மிதி கிரந்தங்களில் இது உண்டு. ஆண்களுக்குப் பொன் விலக்கப்பட்டிருந்தும் பொற்பல்லை அனுமதித்த சட்ட அறிஞர்கள் இதையே ஆதாரமாகக் காட்டினார்கள். உடலின் ஈரத்தில் வெள்ளி கெடும், பொன் கெடாது என்ற பொருளின் குணமே இங்கே சலுகைக்கு வழிவிட்டது.

வெள்ளை அடைப்பு கண்ணாடித் தூள் கலந்த பிசின். 1955இல் புவோனோகோர் என்ற அமெரிக்கர் மிளிரியை அமிலத்தால் சற்றுச் சொரசொரப்பாக்கினால் பிசின் பற்றிக்கொள்ளும் என்று காட்டினார். அதனால் நல்ல பல்லை அதிகம் வெட்டத் தேவையில்லை. குறையும் உண்டு. நீல ஒளி பட்டு இறுகும்போது கனவளவில் 2, 3 சதவீதமளவு சுருங்கும். அதனால்தான் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து இறுக்குகிறார்கள். எச்சில் பட்டால் பிடிப்பு போய்விடும். டொக்டர் வாய் நிறையப் பஞ்சை அடைக்கும்போது எரிச்சல்படாதீர்கள். அடைப்பின் ஆயுள் அந்தப் பஞ்சில்தான் இருக்கிறது.

சிறுபிள்ளைகளுக்கு அதிகம் வைக்கும் கிளாஸ் அயனோமர் பல்லோடு தானாகவே ஒட்டும், ஏறத்தாழ பல்லளவே விரியும், புளோரைட்டும் கசியவிடும். ஆனால் தேயும், பாரம் தாங்காது.

இனி கட்டுப்பல். என் சாச்சியின் புதுப் பல்லை மகள் நல்லெண்ணத்தில் கொதிதண்ணியில் போட்டுக் கழுவினாள். அதன்பிறகு அது முரசில் இருக்கவேயில்லை. "கஞ்சிதான் மகன் இப்ப சாப்பாடு" என்றா சாச்சி. புதிதாகக் கட்டக் காசு சேர மாதங்கள் சென்றன. அக்ரிலிக் அச்சில் இறுகும்போது உள்ளே இழுவிசைகள் அடைபட்டுக் கிடக்கும். கடும் சூடு பட்டால் அவை விடுபட்டுப் பல் கோணிவிடும். காயவிட்டாலோ உள்ளிருக்கும் ஈரம் போய்ச் சுருங்கும். இரவில் கழற்றிப் பச்சைத் தண்ணியில் போட்டு வையுங்கள். பற்பசை வேண்டாம், அது அக்ரிலிக்கில் கீறல் போடும், கீறலில் பூஞ்சை குடியேறும். மெதுவான பிரஷும் சவர்க்காரமும் போதும். கழுவும்போது கீழே தண்ணி நிரப்பிய பேசின் ஒன்று இருக்கட்டும். கை நழுவினாலும் உடையாது.